டப்பாவில் ஏன் பாப்பா படம் இல்லை?

தென்காசியில் எட்டாம் வகுப்புக்கு விளம்பரங்கள் குறித்துப் பாடம் நடத்தினேன். காலியான பிஸ்கட் உறை, குழந்தைப் பால்மாவு டப்பா இரண்டையும் மேசைமேல் வைத்து வேறுபாடு கேட்டேன். "டப்பாவுல பாப்பா படமே இல்ல டீச்சர்" என்றாள் ஒரு மாணவி.

அங்கிருந்து பாடம் தொடங்கியது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் விற்பனை நெறிமுறையை வகுத்தது. இந்தியா 1992இல் சட்டம் இயற்றி, 2003இல் அதை வலுப்படுத்தியது. இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான பால்மாவு, உணவு, பால்புட்டி ஆகியவற்றை விளம்பரப்படுத்தக் கூடாது; தாய்மார்களுக்கு இலவச மாதிரியோ பரிசோ தரக் கூடாது. பால்மாவு டப்பாவில் குழந்தை, பெண் படங்கள் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்ற வாசகம் இருக்க வேண்டும்.

ஒரு மாணவன் தலைகுனிந்து, "எங்க தம்பிக்கு டப்பா பால்தான் டீச்சர். அம்மாவுக்கு உடம்பு முடியல" என்றான். வகுப்பு அமைதியானது.

"சட்டம் கட்டுப்படுத்துவது விற்பவரைத்தான், அம்மாவை அல்ல. மருத்துவர் சொன்னால் தாராளமாகக் கொடுக்கலாம்" என்றேன். நிமிர்ந்து பார்த்தான்.

இப்பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் இந்த வாக்கியத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் தாமதமாகச் சொன்னேன்.

செயல்பாடு: வீட்டிலுள்ள மூன்று உணவு உறைகளைப் பார்த்து, படம் சொல்வதையும் எழுத்து சொல்வதையும் தனித்தனியே பட்டியலிடச் செய்க.