513 படியும் இரண்டு போத்தலும்

கேள்வி: எடை குறைக்க வாரம் மூன்று நாள் கோயில் படி ஏறுகிறேன். சனிக்கிழமை இரவு கூட்டாளிகளோடு இரண்டு பெரிய போத்தல் பீர் குடிப்பது வழக்கம். அதை விடாமல் இளைக்க முடியுமா, ஐயா?
– வாசகர், தண்ணீர்மலை

பதில்: ஊர்ப் பெயரிலேயே 'தண்ணி' இருக்கிறது, நான் என்ன சொல்ல! முடியும் தம்பி, ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகளை ஒருமுறை ஏறினால் நூறு கலோரி செலவானாலே பெரிது. 640 மில்லி போத்தல் ஒன்றில் சுமார் 270 கலோரி. மூன்று நாள் ஏறியதை முதல் போத்தலே கிட்டத்தட்ட விழுங்கிவிடுகிறது.

அதைவிடப் பெரிய வில்லன் பிறகு வருகிறான். சாராயம் உள்ளே போனதும் கல்லீரல் அதைத்தான் முதலில் எரிக்கும், கொழுப்பு காத்துக்கிடக்கும். பசியோ கிளம்பிவிடும். நள்ளிரவில் நாசி கண்டார் கடையில், "குழம்பு பஞ்சிர்!" என்று நீங்களே கேட்பீர்கள். பொரித்த கோழி, முட்டை, சோற்றை மூழ்கடிக்கும் குழம்பு: எனக்கும் நாக்கு ஊறத்தான் செய்கிறது.

ஆகவே வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பெரிய போத்தலுக்குப் பதில் சின்ன டின் ஒன்று, நடுவில் வெறும் தண்ணீர். விஸ்கி என்றால் 30 மில்லிக்கு 70 கலோரிக்குள்தான். கோலா கலந்தால் சீனி தனிக்கணக்கு. இனிப்புநீருக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவரானால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். வீடு திரும்ப கிராப் கூப்பிடுங்கள்.