விழாவில் மிஞ்சும் சோறு: சூழலுக்கும் உடலுக்கும் ஒரு கணக்கு

பொங்கல் விழா, ஆண்டுவிழா, பழைய மாணவர் ஒன்றுகூடல் என்று எமது சங்கங்கள் ஆண்டு முழுவதும் மண்டபங்களில் கூடுகின்றன. இவற்றைச் சூழலுக்குக் கேடின்றி நடத்துவது எப்படி? லண்டன் ஒலிம்பிக்கை ஒட்டி 2012இல் நிகழ்வுகளுக்கென ஐ.எஸ்.ஓ. 20121 என்ற தரநியமம் வெளிவந்தது. திட்டமிடும்போதே சூழலையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். எமது விழாக்களில் அந்தக் கணக்கு "எத்தனை பேருக்குச் சமைக்கிறோம்?" என்ற கேள்வியில் தொடங்குகிறது. இதில் பிழைத்தால் சூழலுக்கும் கேடு, வயிற்றுக்கும் கேடு.

உணவு விரயம்

ஐ.நா. சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2022இல் உலகில் 105 கோடி தொன் உணவு வீணானது. நுகர்வோருக்குக் கிடைத்த உணவில் இது 19 வீதம். குப்பைமேட்டில் புதைந்த உணவு காற்றின்றி அழுகும்போது மெதேன் வாயு உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் இது காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு புவியைச் சூடாக்குகிறது.

மிஞ்சிய சோற்றின் ஆபத்து

சாப்பாட்டை எறியக்கூடாது என்பது எமக்குள் ஊறிய பழக்கம். நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அது இன்னும் ஆழமானது. அதனால் மதியம் வந்த சோற்றை இரவு பத்து மணிக்குப் பெட்டிகளில் கட்டி வீட்டுக்குக் கொடுத்துவிடுவதுண்டு. நல்ல மனதோடு செய்தாலும் இது ஆபத்தானது.

அரிசியில் 'பசிலஸ் சீரியஸ்' என்னும் பக்ரீரியாவின் வித்திகள் இருக்கலாம். சமைக்கும் வெப்பத்திலும் அவை தப்பிவிடும். சோறு இளஞ்சூட்டில் மணிக்கணக்காக இருந்தால் பக்ரீரியா பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தியை ஏற்படுத்தும் அந்த நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. பெரும்பாலானோருக்கு ஒரு நாளில் குணமாகிவிடும். ஆனால் சிறு பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் உடலில் நீர் வற்றுவது ஆபத்து. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் வாந்தி நிற்காவிட்டால் தாமதிக்காமல் மருத்துவ ஆலோசனை பெறுங்கள்.

இங்கிலாந்தில் உள்ள விதி இதுதான்: சூடான உணவு 63 பாகை செல்சியசில் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பரிமாறும்போது ஒரு தடவை மட்டும், 2 மணித்தியாலம் வரை அதற்குக் கீழே இருக்கலாம். மிஞ்சும் சோற்றை ஒரு மணித்தியாலத்துக்குள் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, 24 மணித்தியாலத்துக்குள் உண்ண வேண்டும்.

தட்டும் குவளையும்

ரெஜிபோம் உணவுப் பெட்டிகளையும் குவளைகளையும் வழங்குவது இங்கிலாந்தில் 2023 ஒக்ரோபர் 1 முதல் தடை. அதிலுள்ள ஸ்ரைரீன் என்ற இரசாயனம் சூடான, எண்ணெய்ப் பசையுள்ள உணவில் சிறிதளவு கலக்கக்கூடும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2018இல் அதனை 'அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் சேர்த்தது. முன்பு அதில் உண்டவர்கள் இதனால் பயப்படத் தேவையில்லை. இனித் தவிர்த்தால் போதும். கழுவிப் பாவிக்கும் தட்டுகளே சிறந்தவை. 'மக்கும்' என்று அச்சிட்ட தட்டுகளில் பல, அதற்கான ஆலைகளில் மட்டுமே மக்கும்.

ஏற்பாட்டாளர்களுக்குச் சில யோசனைகள்

1. பெரியவர், சிறுவர் எண்ணிக்கையைத் தனித்தனியாகப் பதியுங்கள். ஒரு வாரத்துக்கு முன் பதிவை முடித்து, அதன்படி அரிசி போடுங்கள்.

2. உணவை இரண்டு தவணையாக எடுப்பியுங்கள். இரண்டாவது தவணை தேவைப்படும்வரை மூடியபடி சூட்டிலேயே இருக்கட்டும்.

3. முதலில் சிறிதாகப் பரிமாறுங்கள். வேண்டியவர்கள் மீண்டும் வரட்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் இது நல்லது.

4. உணவு வெப்பமானி ஒன்று வாங்குங்கள். உணவு வந்த நேரத்தையும் வெப்பநிலையையும் எழுதிவைக்க ஒருவரைப் பொறுப்பாக விடுங்கள்.

5. போத்தல் தண்ணீருக்கும் சோடாவுக்கும் பதிலாகக் குழாய்த் தண்ணீரைக் குடங்களில் வையுங்கள். வீட்டிலிருந்து குவளை கொண்டுவரச் சொல்லுங்கள்.

6. ரயில் நிலையத்துக்குக் கிட்டவுள்ள மண்டபத்தைத் தேடுங்கள். அயலவர்கள் ஒரே காரில் வரலாம்.

7. வீட்டுக்குக் கொடுப்பதானால், தொடாத உணவை நேரத்தோடு ஆழமற்ற பாத்திரங்களில் ஆறவைத்துக் குளிரூட்டிக் கொடுங்கள்.

எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது என்று தெரியாத சோற்றை, மனம் கேட்காவிட்டாலும், உணவுக்கழிவுத் தொட்டியில் போடுங்கள். போடுமுன் அதன் அளவைக் குறித்து வையுங்கள். அடுத்த விழாவுக்கு எவ்வளவு அரிசி குறைக்கலாம் என்பதை அந்தக் குறிப்பே சொல்லும்.