பழைய மகிழுந்து வாங்குமுன்

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இடைவிடாது பெய்த மழையால் சிலாங்கூர் மாநிலத்தின் பல பகுதிகள் வெள்ளக்காடாயின. ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த மகிழுந்துகள் நீரில் மூழ்கின. வெள்ளம் வடிந்ததும் நனைந்த மெத்தைகளும் அலமாரிகளும் தெருவோரம் குப்பைக் குவியலாயின. மகிழுந்தை அப்படி எறிந்துவிட யாருக்கும் மனம் வராது. வெள்ளத்தில் நனைந்த வண்டிகளுள் சில, கழுவித் துடைக்கப்பட்டு மீண்டும் விற்பனைக்கு வருவதுண்டு.

இதற்குக் காப்புறுதியும் ஒரு காரணம். முழுமைக் காப்புறுதி எடுத்தவர்கூட, வெள்ளச் சேதத்திற்கான பாதுகாப்பைப் பெரும்பாலும் தனிக் கட்டணம் செலுத்திச் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காதவருக்கு இழப்பீடு கிடைக்காது. வங்கிக் கடனோ நிற்காது. நொந்துபோனவர் வண்டியைக் கிடைத்த விலைக்கு விற்க நினைப்பது இயல்பே. நடந்ததை மறைத்து விற்பதுதான் தவறு.

வெள்ள நீரில் சேறும் கழிவும் கலந்திருக்கும். அது மின்கம்பி இணைப்புகளுக்குள் புகுந்தால் உலோகம் மெல்ல மெல்ல அரிக்கப்படும். வாங்கிய அன்று நன்றாக ஓடிய வண்டி, சில மாதங்கள் கழித்து நடுச்சாலையில் நின்றுவிடலாம். இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. காற்றுப்பைகளை இயக்கும் மின்னணுக் கருவி, பல மகிழுந்துகளில் முன் இருக்கைகளுக்கு நடுவே தரையை ஒட்டிப் பொருத்தப்பட்டிருக்கும். வண்டிக்குள் ஒரு சாண் நீர் நின்றாலே அது நனைந்துவிடக்கூடும். விபத்தின்போது காற்றுப்பை விரியாவிட்டால், விலையில் மிச்சப்படுத்திய பணத்தால் என்ன பயன்?

வண்டியைக் கழுவியவரின் கை எட்டாத இடங்களில்தான் சேறு தங்கும். முதலில் இருக்கைவாரை முழுவதுமாக வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பகுதியைத்தான் பலரும் துடைப்பர். சுருளுக்குள் இருக்கும் கடைசிப் பகுதியில் பழுப்புக் கறையோ பூஞ்சணமோ இருந்தால் ஐயம் கொள்ளலாம். பத்தாண்டுப் பழைய வண்டியில் இருக்கைவார் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் காரணத்தைக் கேட்க வேண்டும். அடுத்து, மாற்றுச் சக்கரத்தைத் தூக்கி அதன் அடிக்குழியையும், விரிப்பை நீக்கி இருக்கைத் திருகாணிகளில் துரு உள்ளதா என்பதையும் பார்க்கலாம். வண்டிக்குள் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால், கதவுகளை மூடிக் குளிரூட்டியைச் சிறிது நேரம் இயக்கினால் போதும். மறைந்திருக்கும் புழுங்கல் வாடை வெளிப்படும்.

இத்தனைக்குப் பிறகும், நம்பிக்கையான பழுதுபார்ப்பவரிடம் வண்டியைக் காட்டுவது நல்லது. வணிகரிடம் வாங்கி ஏமாந்தவர், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலேயே பயனீட்டாளர் நடுவர் மன்றத்திற்குக் கொண்டு செல்லலாம். தனிநபரிடம் வாங்கியவருக்கு அந்த வழி இல்லை. எனவே, வண்டி வெள்ளத்தில் மூழ்கியதில்லை என்று விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எழுதித்தரத் தயங்குபவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டியதில்லை.