மோதிய வண்டியின் அடிச்சட்டம்: வர்ணத்திற்கு முன் அளவு

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் இன்று நம் கிராமங்களில் மோட்டார் வண்டிகள் பெருகியுள்ளன. வண்டி பெருகவே, சாலையோரப் புளியமரத்திலும் பாலத்துக் கைப்பிடிச் சுவரிலும் முன்புறம் மோதி நசுங்கும் வண்டிகளும் பெருகிவிட்டன. அவற்றுள் பல, தகடு தட்டி, பட்டி தேய்த்து, வர்ணம் பூசி, புதிய வண்டிபோல் மீண்டும் சாலைக்கு வருகின்றன. ஆயின், அடிச்சட்டம் நேராயிற்றா என்று குனிந்து பார்ப்பவர் சிலரே. அடிச்சட்டம் கோணலான வண்டி, அவசரத்தில் பிரேக்கை மிதிக்கும்போது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடும். அப்போது வண்டியில் உள்ளவர் உயிருக்கும் எதிரே வருபவர் உயிருக்கும் ஆபத்து நேரும். ஆகவே, இதுபற்றிய சில அடிப்படைகளைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம்.

இருவகை அமைப்பு

வண்டிகளின் அமைப்பு இருவகைப்படும். ஜீப், பொலிரோ, சரக்கு ஏற்றும் பிக்-அப் போன்றவற்றில் அடியில் ஏணி போன்ற தனிச்சட்டம் உண்டு. இரண்டு நீண்ட எஃகு விட்டங்களைக் குறுக்குச் சட்டங்கள் இணைக்கின்றன. மேற்கூடு அதன்மீது போல்ட்டுகளால் பொருத்தப்படுகிறது. மாருதி 800 போன்ற சிறு கார்களில் தனிச்சட்டம் இல்லை. பற்றவைத்த கூடே சட்டமாகவும் இருந்து பாரத்தைத் தாங்குகிறது. கனமான வண்டி என்று பெயர் பெற்ற அம்பாசடரும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இக்காலக் கார்களின் முன்பகுதி, மோதலில் தானே மடிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளுமாறு அமைக்கப்படுகிறது. அது மடிவதால்தான் உள்ளே இருப்பவர் பிழைக்கிறார். ஆதலால், இரும்புப் பட்டையை வைத்துப் பற்றவைத்து அப்பகுதியை "பலப்படுத்துவது" பெருந்தவறாகும். அடுத்த மோதலின் அதிர்ச்சி முழுவதும் மனிதரையே வந்து தாக்கும்.

ஐந்து வகைக் கோணல்

முன்புற மோதலால் சட்டத்தில் ஐந்து வகைக் கோணல் உண்டாகலாம். முன்பகுதி இடமோ வலமோ விலகுவது ஒன்று. நடுவில் தொய்வது மற்றொன்று. நீளம் குறுகுவது மூன்றாவது. ஏணிச் சட்டத்தில் ஒரு விட்டம் மட்டும் பின்னே தள்ளப்பட்டு, பழைய கயிற்றுக் கட்டில் சாய்ந்து நிற்பதுபோலச் சாய்சதுரமாவது நான்காவது. ஒரு கால் தரையில் ஊன்றாத கட்டில்போல முறுக்கிக்கொள்வது ஐந்தாவது. ஒரே மோதலில் இரண்டு மூன்று கோணல்கள் சேர்ந்து வருவதும் உண்டு.

அளந்து பார்க்கும் முறை

வீட்டுக்குக் கடைக்கால் போடும்போது கொத்தனார் மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்ப்பதை நாம் அறிவோம். அடிச்சட்டத்துக்கும் அதே முறைதான். வண்டியைச் சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, சட்டத்தின் இருபுறமும் எதிரெதிரே உள்ள துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் சுண்ணக்கட்டியால் குறியிட வேண்டும். பிறகு வண்டியை நகர்த்திவிட்டுக் குறிகளை மூலைக்கு மூலை அளக்க வேண்டும். இரண்டு அளவுகளும் ஒத்திருந்தால் சட்டம் சாய்சதுரமாகவில்லை எனலாம்.

2 மீட்டர் நீளமும் 80 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பகுதியில் ஒரு விட்டம் 10 மில்லிமீட்டர் மட்டுமே பின்னே தள்ளப்பட்டதாகக் கொள்வோம். இரு மூலை அளவுகளுக்கும் இடையே 18 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு தெரியும். கண்ணுக்குப் புலப்படாததை நூல் காட்டிக்கொடுத்துவிடும். பொதுவாக 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பிழையை நல்ல பட்டறையில் ஏற்பதில்லை.

அடுத்து, ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை இருபுறமும் அளக்க வேண்டும். ஒருபுறம் குறைந்திருந்தால் அச்சோ சட்டமோ பின்னே தள்ளப்பட்டிருக்கிறது என்பது பொருள். முன்புறம் பட்டைவில் உள்ள வண்டியாயின், வில்லை அச்சோடு இணைக்கும் சென்டர் போல்ட் அறுந்து அச்சு மட்டும் நகர்ந்திருக்கவும் கூடும். அதைச் சரிசெய்யச் செலவு குறைவு. ஆகையால் முதலில் அதைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

நிமிர்த்தும் முறை

சட்டத்தைச் சம்மட்டியால் அடித்து நிமிர்த்தலாகாது. வண்டியை இரும்பு மேடையில் இறுகக் கட்டி, மோதல் வந்த திசைக்கு எதிர்த்திசையில் சங்கிலியால் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். எஃகு, விட்டவுடன் சற்றுத் திரும்பிப் போகும் இயல்புடையது. ஆதலால் அளவுக்குச் சிறிது அதிகமாக இழுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும்.

வளைந்ததை நிமிர்த்தலாம், கூர்மையாக மடிந்ததை மாற்றவேண்டும் என்பது இத்தொழிலின் பொதுவிதி. கேஸ் விளக்கால் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தினால், இக்கால உயர்வலிமை எஃகு தன் பலத்தை இழந்துவிடும். பற்றவைக்குமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றுவதும், பற்றவைத்தபின் விட்டங்களின் உட்புறத்திலும் துருத்தடுப்பு மருந்து பூசுவதும் அவசியம். டை ராட், கீழ்க்கை முதலிய ஸ்டியரிங் உறுப்புகள் வளைந்திருப்பின் அவற்றை நிமிர்த்தாமல் புதியனவே பொருத்த வேண்டும். விரிந்த காற்றுப்பையையும், மோதலின்போது இறுகிய இருக்கைப் பட்டையையும் மாற்றியே ஆகவேண்டும்.

சக்கரங்களின் நிலை

சட்டம் நேரான பின்னரே சக்கர அலைன்மென்ட் பார்க்க வேண்டும். இதில் மூன்று கோணங்கள் முக்கியமானவை. மிதிவண்டியின் முன்கவை மேற்புறம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது அல்லவா? அந்தச் சாய்வே காஸ்டர். திருப்பிய சக்கரம் தானே நேருக்கு வருவது இதனால்தான். சக்கரம் உள்ளோ வெளியோ சாய்ந்து நிற்பது கேம்பர். இரு முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ இருப்பது டோ.

இடதுசக்கரத்தின் அடிப்பகுதி பின்னே தள்ளப்பட்டால் அப்பக்கத்துக் காஸ்டர் குறைந்து, வண்டி இடப்பக்கமே இழுக்கும். பல சிறு கார்களில் டோ ஒன்றைத்தான் திருகிச் சரிசெய்ய முடியும். மற்ற இரண்டும் கூடு நேராக இருப்பதைப் பொறுத்தவை. எனவே, "கோணம் பிடிக்கவில்லை" என்று பட்டறையில் சொன்னால் பிழை கூட்டில் இருக்கக்கூடும். டோவை மட்டும் திருகி மறைத்தால் டயர் விரைவில் தேயும். ஆபத்தோ அப்படியே இருக்கும்.

இதை யாவரும் சோதித்துப் பார்க்கலாம். ஈரமான மண் களத்தில் வண்டியை நேராகச் சிறிது தூரம் ஓட்டிச் சுவடுகளைப் பாருங்கள். பின்சக்கரச் சுவடு முன்சக்கரச் சுவட்டின்மீது இருபுறமும் ஒரேவிதமாக அமையவேண்டும். ஒருபுறம் விலகி விழுந்தால் வண்டி நண்டுபோல் சாய்ந்து ஓடுகிறது என்று அறியலாம். பழைய வண்டி வாங்குவோருக்கும் இச்சோதனை மிகப் பயன்படும்.

செலவும் இன்ஷூரன்சும்

மூன்றாமவர் நட்டத்திற்கு மட்டும் எடுத்த இன்ஷூரன்ஸ், நம் வண்டியின் பழுதுக்குப் பணம் தராது. முழுமையான இன்ஷூரன்ஸ் உள்ளவர், வண்டியைப் பிரிக்கும் முன்பே கம்பெனிக்கு அறிவித்து மதிப்பீட்டாளரின் பார்வைக்கு உட்படுத்த வேண்டும். ரப்பர், பிளாஸ்டிக் உறுப்புகளுக்குப் பொதுவாக 50 சதவீதம் தேய்மானம் கழிப்பர். உலோக உறுப்புகளுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிப்பர். பழுதுபார்க்கும் செலவு, பத்திரத்தில் குறித்த வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அது முழு நட்டமாகக் கருதப்படும்.

பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும்போது, பழுதுபார்க்குமுன் எடுத்த அளவுகளையும் பின் எடுத்த அளவுகளையும் தாளில் எழுதி வாங்குக. பஞ்சாயத்து வண்டியாயின் அத்தாளை ரசீதுடன் கோப்பில் சேர்த்து வைக்க வேண்டும். அளவுத்தாள் தராத பட்டறையில் வர்ணம் எவ்வளவு பளபளப்பாக இருப்பினும் வேலை முடிந்ததாகக் கொள்ளலாகாது. முதலில் அளவு, பிறகு அலைன்மென்ட், கடைசியில் வர்ணம் என்ற இம்முறையை நம் கிராமத்தார் வழக்கமாகக் கொண்டால், தவிர்க்கக்கூடிய விபத்துகள் பல தவிர்க்கப்படும்.