வீட்டில் ஒரு தச்சுக்கூடம்

தறியில் மிதிகட்டை ஒன்று முறிந்தால் நெசவாளரின் அன்றைய வேலை நின்றுவிடும். ஆசாரியாருக்குச் சொல்லியனுப்பி, அவர் கையிலுள்ள வேலையை முடித்து வரும் வரையில் பாவு தறியிலேயே கிடக்கும். கூலியும் அதனோடு கிடக்கும். மண்வெட்டிக் காம்பு ஒடிந்த பயிர்த்தொழிலாளரின் நிலையும் இதுவே. இத்தகைய சிறு மரவேலைகளை வீட்டிலேயே முடித்துக்கொள்ள ஓர் இடம் இருப்பின் நஷ்டம் பெரிதும் குறையும். ஆனால் நூல் புழங்கும் வீட்டிற்குள் மரத்தூளை அழைத்துக்கொள்வது சிறு காரியமன்று. ஆகவே கருவிகளை வாங்கு முன்னர் இடத்தைப் பற்றியே நாம் ஆராய வேண்டும்.

வட அமெரிக்கா போன்ற குளிர்நாடுகளில் வீட்டுத் தச்சுக்கூடம் பெரும்பாலும் நிலவறையில் அமைகிறது. அங்கே குளிர்காலத்தில் மண்ணிலுள்ள நீர் உறைந்து, மண் மேலெழும்பிச் சுவரை அசைக்கும். அதனால் அஸ்திவாரத்தை உறைபனி எட்டாத ஆழத்திற்குக் கொண்டுசெல்கின்றனர். அவ்வளவு தோண்டிய பின் அதை ஓர் அறையாக்கிக்கொள்வது எளிதன்றோ? நமக்கு அக்காரணம் இல்லை. எனினும் நிலத்திற்குக் கீழே ஈரம் என்ன செய்யும் என்பதைக் குழித்தறியில் அமர்வோர் நன்கறிவர். அந்த ஈரம் பருத்தி நூலுக்கு நன்மை. இழை எளிதில் அறாது. அதே ஈரம் உளிக்குத் துரு, பலகைக்கு வீக்கம். நிலவறையில் வேலை செய்வோர் காற்றின் ஈரத்தை வாங்கும் யந்திரம் வைத்துக்கொள்வது இதனால்தான். ஆகவே தறிக்குழியில் இடம் இருக்கிறதே என்று அங்கே கருவிகளை அடுக்க வேண்டாம்.

நமக்கேற்ற இடம் கொல்லைப்புறத்துச் சார்ப்பே. 10 அடி நீளமும் 8 அடி அகலமும் போதும். தரையை ஒரு சாண் உயர்த்திக்கொள்க. தறியறைக்கும் இதற்கும் பொதுவான கதவோ சன்னலோ இருக்கலாகாது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று பலமாக வீசுவதால், தறியறைக்கு வடக்கிலோ கிழக்கிலோ சார்ப்பு அமைவது நலம். காற்று திரும்பும் மாதங்களுக்கு ஒரு படுதா கட்டிக்கொள்ளலாம். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடும் நாளில் மரம் அறுக்கவே கூடாது. ஈரக் கஞ்சியில் ஒட்டிய தூள் உலர்ந்த பின் போகாது. அதிலும் கருவேலம் போன்ற துவர்ப்புள்ள மரத்தின் தூள் ஈரத்தில் இரும்போடு சேர்ந்தால் கருங்கறை உண்டாகும். வெள்ளை வேட்டிப் பாவில் அக்கறை விழுந்தால் யார் ஏற்பர்?

நூலைவிட மனிதரின் மூச்சு பெரிது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் என்று 1995இல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியுள்ளது. மூக்குக் குழியும் அதைச் சார்ந்த எலும்பறைகளும் முக்கியமாகப் பாதிக்கப்படுகின்றன. இழைப்புளி தள்ளும் சுருள் காலடியில் விழுந்துவிடும். அதனால் அதிகத் தீங்கில்லை. உப்புத்தாள் தேய்ப்பதாலும் யந்திர ரம்பத்தாலும் எழும் நுண்தூளே நெடுநேரம் காற்றில் மிதந்து நுரையீரலை அடைகிறது. மேல்துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டால் போதும் என்பது தவறான எண்ணம். என்-95 வகை முகக்கவசம் அணிதல் வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல், நீர் தெளித்தோ ஈரத்துணி கொண்டோ தூளை எடுக்க வேண்டும். கைக்கருவிகளை முதலில் பழகுங்கள் என நாம் வற்புறுத்துவதற்குச் சிக்கனம் மட்டும் காரணமன்று.

ஒரு கைரம்பம், ஓர் இழைப்புளி, கால், அரை, முக்கால் அங்குல உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம், கைத்துரப்பணம், சாணைக்கல் ஆகியவை தொடக்கத்திற்குப் போதுமானவை. உளியின் சரிவு 25 முதல் 30 பாகை வரை இருக்கலாம். மழுங்கிய உளியே கையை அதிகம் வெட்டும். அழுத்தித் தள்ளும்போது அது வழுக்கிப் பாய்வதே காரணம். நம் ஆசாரிமார் தரையில் அமர்ந்து, காலால் மரத்தைப் பற்றிக்கொண்டு செய்யும் வேலைக்கு எம்மேசையும் ஈடாகாது. ஆனால் நாள் முழுதும் தறியில் அமர்ந்தவருக்கு நின்று செய்யும் மேசையே முதுகுக்கு இதம். நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எட்டும் உயரம் இழைப்புக்குப் பொருந்தும்.

மரத்தைப் பொறுத்தவரை, பயிரிடும் அங்கத்தினரின் வரப்பிலேயே பூவரசும் வேம்பும் கருவேலும் நிற்கின்றன. அறுத்த பலகையை உடனே உபயோகித்தல் ஆகாது. ஓர் அங்குலக் கனத்திற்கு ஏறக்குறைய ஓராண்டு என்பது நிழலில் உலர்த்துவதற்கான பழங்கணக்கு. பலகைகளுக்கிடையே ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்து அடுக்கி, வெட்டுமுனைகளில் வர்ணமோ மெழுகோ பூசுக. முனை வழியே நீர் விரைந்து வெளியேறுவதால்தான் அங்கே வெடிப்பு காண்கிறது. காம்புக்கு நேரான ரேகையுள்ள கருவேலமே ஏற்றது. ரேகை குறுக்கே ஓடினால் ஓங்கிய வேகத்தில் ஒடிந்துபோகும்.

தீயைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். மரத்திற்கு ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால், எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். நெருப்பின் அருகே இருக்க வேண்டியதில்லை. அத்துணியை வெளியில் விரித்து உலர்த்துக. அல்லது நீர் நிறைந்த மூடிய தகரத்தில் இடுக. மின்கருவி வாங்குவோர் மண்ணிணைப்பும், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு விசையும் பொருத்திய பிறகே அதை ஓட்ட வேண்டும்.

மேசைத் துரப்பணம், பெரிய பிடிகருவிகள் போன்றவை ஒரு வீட்டில் மாதத்தில் ஓரிரு நாளே வேலை செய்யும். அவற்றைப் பத்து வீட்டார் தனித்தனியே வாங்குவதில் என்ன பொருள்? சங்கத்தின் கிடங்கில் ஒன்று வைத்து, ஏட்டில் பெயரெழுதி வாங்கிச் செல்லலாம். சங்கத்து உளியை எடுத்தவர் கூர்தீட்டியே திருப்பித் தர வேண்டும்.

மிதிகட்டை, ராட்டைக் கால், இருக்கைப் பலகை, கருவிக் காம்பு இவற்றையெல்லாம் ஓராண்டுப் பழக்கத்தில் நன்கு செய்துவிடலாம். நாடாவை மட்டும் வீட்டில் செய்ய முயல வேண்டாம். எடை ஒரு பக்கம் சாய்ந்தாலும், சிம்பு ஒன்று எழுந்தாலும் பாவிழைகள் ஒருசேர அறுபடும். அதை விலை கொடுத்து வாங்குவதே இலாபம்.