அடுத்த பக்கம் எப்போ தருவே?

உங்க லேப்டாப்ல 'கதை ஃபைனல்', 'கதை ஃபைனல் 2', 'கதை உண்மையிலேயே ஃபைனல்' என்று மூணு ஃபைல் இருந்தா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். உங்ககிட்ட அப்படி எதுவும் இல்லை, ஆனா உங்க ரூம்மேட்கிட்ட இருக்குன்னா இன்னும் அதிகமா உங்களுக்குத்தான். கதை எழுதுவது எப்படின்னு நான் சொல்லப்போறதில்லை, அதுக்குப் புத்தகங்கள் இருக்கு. கதை எழுதுகிற நண்பருக்கு நாம என்ன செய்யலாம்ங்கிறதுதான் இந்த இதழுக்கான பாடம்.

ஃபைனல் இயர்க்காரங்களுக்கு இது கொஞ்சம் அவசரமான பாடமும்கூட. மே மாசம் முடிஞ்சா ஒருத்தர் பெங்களூரு, ஒருத்தர் ஹைதராபாத், ஒருத்தர் ஊர்லயே அப்பாவோட கடையில. நாலு வருஷமா உங்க கதையைப் படிச்ச ஒரே ஆள் பக்கத்துக் கட்டில்ல இருக்கமாட்டார். காலேஜ்ல எழுதிட்டிருந்தவங்க வேலைக்குப் போனதும் ஏன் நிறுத்திடறாங்கன்னு கேட்டா எல்லாரும் 'டைம் இல்லை' என்பாங்க. நான் அதை முழுசா நம்பறதில்லை. டைம் இல்லாத செமஸ்டர்லயும் நாம எழுதினோம். அப்போ கேட்கிறதுக்கு ஒரு ஆள் இருந்தது.

தூரம் போனா இது முடிஞ்சுபோகும்னு நினைக்கிறவங்களுக்கு இடைசெவலைத்தான் காட்டணும். கோவில்பட்டிக்குப் பக்கத்துல இருக்கிற கரிசல்காட்டுக் கிராமம். பஸ்ல போனா கண் சிமிட்டுற நேரத்துல கடந்துபோயிடும். அந்த ஒரே ஊர்ல, ஏறக்குறைய ஒரே வயசுல ரெண்டு பையன்கள் வளர்ந்தாங்க: கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன். ரெண்டு பேருக்கும் சங்கீதப் பைத்தியம், புத்தகப் பைத்தியம். அழகிரிசாமி பத்திரப்பதிவு அலுவலகத்துல கிடைச்ச குமாஸ்தா வேலையை விட்டுட்டுப் பத்திரிகை வேலைக்குச் சென்னை போனார். 1952-ல் 'தமிழ் நேசன்' பத்திரிகைக்காக மலேயா போய், 1957-ல் திரும்பி வந்தார். கி.ரா. ஊர்லயே இருந்தார், விவசாயம் பார்த்துக்கிட்டு. பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. அழகிரிசாமி எழுத்தாளரா பெயர் வாங்கிப் பல வருஷம் கழிச்சுத்தான், முப்பது வயசைத் தாண்டின பிறகுதான், கி.ரா. கதை எழுத வந்தார். அதாவது அத்தனை வருஷமும் ஒரு பக்கம் எழுதுகிற நண்பர், இன்னொரு பக்கம் எழுதாத நண்பர். நடுவில் தபால் போய்க்கிட்டே இருந்தது. நீ எப்போ எழுத்தாளன் ஆகிறாயோ அப்போ உன்கிட்ட இலக்கியம் பேசறேன்னு அழகிரிசாமி காத்திருக்கலை. கி.ரா.வும் எனக்கு எதுக்கு இதெல்லாம்னு ஒதுங்கலை. அழகிரிசாமி 1970-ல் நாற்பத்தாறு வயசுல காலமானார். அவர் மறைவுக்குப் பிறகு 'அன்பளிப்பு' தொகுப்புக்குச் சாகித்ய அகாதெமி விருது வந்தது. கி.ரா.வுக்கு 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக 1991-ல். ஒரே சின்ன ஊருக்கு ரெண்டு அகாதெமி விருது. மண்ணு விசேஷம், தண்ணி விசேஷம்னு சொல்வாங்க. இருக்கலாம். தபால்காரருக்கும் அதுல ஒரு பங்கு உண்டுன்னு எனக்குத் தோணுது.

இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச என்னை மாதிரி ஆட்களுக்கு இடைசெவலுக்கு முன்னாடியே ஆக்ஸ்ஃபோர்டு அறிமுகம் ஆகியிருக்கும். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படம் பார்க்காத ஹாஸ்டல் உண்டா? அதை எழுதின டோல்கீனும், நார்னியா கதைகளை எழுதின சி.எஸ். லூயிஸும் ஆக்ஸ்ஃபோர்டுல ஆசிரியர்கள். வியாழக்கிழமை ராத்திரி லூயிஸோட அறையில ஒரு கும்பல் கூடும். 'இங்க்லிங்ஸ்'னு பேர். எழுதிக்கிட்டிருக்கிற பக்கங்களைச் சத்தமா வாசிச்சுக் காட்டணும், மத்தவங்க கேட்டுக் கருத்துச் சொல்லணும். டோல்கீன் அந்த நாவலை 1937 டிசம்பர்ல ஆரம்பிச்சார், புத்தகமா வந்தது 1954, 1955-ல். நடுவில் பல தடவை நின்னுபோச்சு. 1944-ல் முடிச்சே ஆகணும்னு லூயிஸ் நெருக்க ஆரம்பிச்சதும் திரும்ப நகர்ந்தது. விமானப்படையில சேர்ந்து தென்னாப்பிரிக்காவுல இருந்த மகன் கிறிஸ்டோபருக்கு, எழுதின அத்தியாயங்களைத் தபால்ல அனுப்பிக்கிட்டும் இருந்தார் டோல்கீன். பின்னாளில் அவரே ஒரு கடிதத்துல லூயிஸுக்குத் தான் பட்ட கடன் எதுன்னு சொல்றார். லூயிஸோட பாணியோ யோசனையோ தனக்கு வந்து சேர்ந்ததா அவர் நினைக்கலை. லூயிஸ் விடாம ஊக்கப்படுத்தினார், அடுத்தது என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தார், அது இல்லாட்டி முடிச்சிருக்கவே மாட்டேன் என்கிற அர்த்தத்துல எழுதியிருக்கார்.

இன்னொரு சுவாரஸ்யம்: லூயிஸோட நார்னியா டோல்கீனுக்குப் பிடிக்கவே இல்லை. அதே கும்பல்ல இருந்த ஹ்யூகோ டைசனுக்கு டோல்கீனோட நாவல் பிடிக்கலை. அவர் பண்ணின அலப்பறையில, அவர் இருக்கிற ராத்திரிகள்ல அந்த நாவலை வாசிக்கிறதையே நிறுத்தவேண்டி வந்தது. நம்ம வாட்ஸ்அப் குரூப்லயும் ஒரு டைசன் இருப்பார், பார்த்துக்கோங்க. குரூப்பை விட்டு அவரைத் தூக்க வேண்டாம், வாசிக்கிற அன்னிக்கு மட்டும் வேற வேலை குடுத்துடுங்க.

சரி, பாடத்துக்கு வருவோம். நண்பர் கதை அனுப்பறார். நாம என்ன செய்யறோம்? நாலு நாள் கழிச்சு, 'மச்சி செம டா', மூணு நெருப்பு எமோஜி. அனுப்பினவருக்கு அது எப்படி இருக்கும் தெரியுமா? லேப் ரெக்கார்டுல படிக்காமலே போட்ட கையெழுத்து மாதிரி. மார்க் வந்துடும், ஆனா யாரும் பார்க்கலைன்னு அவருக்குத் தெரியும். இதுக்கு நேர் எதிரான ஆளும் உண்டு. ரெண்டு பக்கக் கதைக்கு மூணு பக்க விமர்சனம், நடுவில் காஃப்கா வேற. இவர் படிச்சார்தான், ஆனா தன்னைக் காட்டிக்கப் படிச்சார்.

கோட் ரிவ்யூ பண்ணிப் பழகினவங்க நாம. 'இது தப்பு'ன்னு மட்டும் எழுதினா டீம்ல யாரும் மதிக்கமாட்டாங்க, எத்தனாவது வரியில என்ன நடக்குதுன்னு சொல்லணும். கதைக்கும் அதேதான், ஒரே ஒரு வித்தியாசத்தோட. கோட்ல நீங்க சரிபண்ணியும் குடுக்கலாம், கதையில குடுக்கக் கூடாது. படிச்சப்போ உங்களுக்குள்ள என்ன நடந்ததோ அதைச் சொல்லுங்க, போதும். எங்கே வேகமாப் படிச்சீங்க, எங்கே போனைக் கையில எடுத்தீங்க, எந்த இடத்துல யார் பேசறாங்கன்னு குழம்பினீங்க. அதை எப்படித் தீர்க்கிறதுங்கிறது எழுதினவரோட தலைவலி.

உதாரணத்துக்கு ஒரு கதையை வெச்சுப் பார்ப்போம். பிளேஸ்மென்ட் கிடைக்காத ஒரு பொண்ணு சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ராத்திரி பஸ்ல போறா. முதல் ரெண்டு பக்கம் முழுக்க மழை, கண்ணாடியில வழியற தண்ணி, மஞ்சள் விளக்கு, மனசுக்குள்ள இருட்டு. மூணாவது பக்கத்துல அப்பா போன் பண்றார். இன்டர்வியூ பத்திக் கேட்கவே இல்லை. 'டிக்கெட்டுக்குக் காசு இருந்துச்சாம்மா?' என்கிறார். அவ 'சாப்பிட்டேன்ப்பா' என்கிறா. இதுக்கு 'மழை வர்ணனை ஓவர், வெட்டு'ன்னு சொன்னா நண்பர் வெட்டுவார், கூடவே கொஞ்சம் சுருங்கியும் போவார். இப்படிச் சொல்லிப் பாருங்க: 'அப்பா காசு கேட்கிற இடத்துல நான் அப்படியே நின்னுட்டேன். அவர் ஒண்ணு கேட்க அவ வேற ஒண்ணு சொன்னது ரொம்ப நேரம் தலைக்குள்ளயே இருந்தது. அந்த இடம் வர்ற வரைக்கும் ரெண்டு தடவை இன்ஸ்டா பார்த்தேன்.' மழையை என்ன பண்ணணும்னு அவருக்கே தெரிஞ்சுடும். ஒருவேளை வெட்டாமலும் விடலாம், அப்பாவோட போனை முன்னாடி கொண்டு வரலாம். அது நமக்குத் தோணியிருக்காத வழியா இருக்கும், அதுதான் முக்கியம்.

ரெண்டு நாளைக்குள்ள படிங்க, அது ரொம்ப முக்கியம். முடியலைன்னா 'சனிக்கிழமை படிக்கிறேன்'னு சொல்லுங்க. ப்ளூ டிக் விழுந்து பதில் வராத ஒரு வாரத்துல எழுதினவர் மனசுக்குள்ள அந்தக் கதையை நாலு தடவை கிழிச்சுப் போட்டிருப்பார். பாராட்டைவிட ஒருபடி மேலான ஒண்ணு உண்டு: 'அந்தப் பொண்ணு ஊருக்குப் போனதும் என்ன ஆச்சு? அடுத்த பக்கம் எப்போ தருவே?' லூயிஸ் செய்ததும் அடிப்படையில இதுதான்.

இனி இலக்கியமே இல்லாத உதவிகள். நிஜத்துல இவைதான் அதிகம் தேவைப்படும். நோட்டுல பேனாவுல எழுதறவருக்கு யூனிகோட்ல டைப் பண்ணிக் குடுக்கிறது. சந்திப்பிழை பார்க்கிறது. எழுதிட்டிருக்கும்போது மெஸ்ல ரெண்டு தோசை எடுத்து வைக்கிறது. அரியர் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி 'கதையை மூடு, மாடல் கொஸ்டீனை எடு'ன்னு அதட்டறதும் இதுல சேரும். இன்னும் எழுபது வருஷம் எழுதலாம், டிகிரிக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

டைப் பண்ணிக் குடுக்கிறவங்களைப் பத்தி ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். கு.ப. ராஜகோபாலனுக்குக் கண்பார்வை மங்கின காலத்துல, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்தவர் தங்கை சேது அம்மாள். அந்தச் சேது அம்மாள் தானும் கதை எழுதினவர். கு.ப.ரா. பேர் தெரிஞ்ச அளவுக்கு அவர் பேர் நம்ம பசங்களுக்குத் தெரியாது. நம்ம குரூப்லயும் பாருங்க, ப்ரூஃப் பார்க்கிறது, டைப் பண்றது, லே-அவுட் போடறது எல்லாம் எப்பவும் ஒரே ரெண்டு மூணு பேர் தலையில விழுது. பெரும்பாலும் ஜூனியர்கள் இல்லாட்டி பொண்ணுங்க. அவங்ககிட்ட 'நீ என்ன எழுதிட்டிருக்கே?'ன்னு கடைசியா எப்போ கேட்டீங்க?

டீக்கடை இலக்கியத்துக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு. ராத்திரி பத்து மணிக்கு கேட்டுக்கு வெளியே டீ குடிச்சுக்கிட்டு கதை பேசறது அருமையான விஷயம்தான். லேடீஸ் ஹாஸ்டல் கேட் அதுக்கு எவ்வளவோ முன்னாடியே பூட்டியாச்சு. டே ஸ்காலர் அந்நேரம் காலேஜ் பஸ்ல ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். முக்கியமான பேச்செல்லாம் டீக்கடையிலதான் நடக்குதுன்னா பாதிப் பேர் வெளியே நிக்கிறாங்கன்னு அர்த்தம். மத்தியானம் லைப்ரரி வாசல்ல அரை மணி நேரம் உட்காருங்க. டீ சுமாரா இருக்கும், பரவாயில்லை.

பொறாமை வரும். வராதுன்னு சொல்றவங்களை நான் நம்பமாட்டேன். ரெண்டு பேரும் ஒரே போட்டிக்கு அனுப்பி, அவர் கதை தேர்வாகி, நம்ம கதைக்குப் பதில்கூட வராத அன்னிக்கு நெஞ்சுக்குள்ள ஒரு கசப்பு ஏறும். அதை மறைக்கப் பெரிய நாடகம் வேண்டாம். 'வாழ்த்துடா, எனக்குக் கொஞ்சம் கடுப்பாவும் இருக்கு'ன்னு சொன்னா தாங்காத நட்பு, அதுக்கு முன்னாடியே ஆட்டம் கண்டிருக்கும். பிளேஸ்மென்ட் சீசன்ல இதெல்லாம் பார்த்துப் பழகினவங்கதானே நாம, ஒரே ரூம்ல ஒருத்தர் ஆஃபர் லெட்டரும் இன்னொருத்தர் ரிஜெக்ஷன் மெயிலுமா.

நண்பர் எழுதறதை நிறுத்திட்டார்னா? வீட்டுல கடன், வேலை டென்ஷன், உடம்பு சரியில்லை, எதுவா வேணும்னாலும் இருக்கலாம். அப்போ 'ஏன் எழுதலை'ன்னு துரத்தாதீங்க. முதல்ல அவர் எப்படி இருக்கார்னு கேளுங்க. கேட்டுட்டு, நீங்க படிச்ச ஒரு நல்ல கதையைப் பத்திப் பேசுங்க. உங்க பக்கத்தை அவருக்கு அனுப்புங்க. எழுதாம இருந்த கி.ரா.வுக்குக் கடிதம் வந்துக்கிட்டே இருந்தது ஞாபகம் இருக்கட்டும்.

மே மாசத்துக்கு முன்னாடி செய்யவேண்டியது ரொம்பக் கொஞ்சம். ஒரே ஒரு ஆளைப் பிடியுங்க. பத்துப் பேர் குரூப் போட்டா மூணாம் மாசம் அது குட்மார்னிங் குரூப் ஆயிடும். மாசத்தோட முதல் ஞாயிறுன்னு ஒரு நாள் வெச்சுக்கோங்க. ரெண்டு பக்கமோ அரைப் பக்கமோ, இருக்கிறதை அன்னிக்கு அனுப்பணும். எதுவும் எழுதலைன்னா ஏன் எழுதலைன்னு நாலு வரி, அதுவும் கணக்குல வரும். பதிலுக்கு ஒரு வாரம். முடிஞ்சா மெயில்ல எழுதுங்க, சாட்ல எழுதினா அது ரீசார்ஜ் மெசேஜுக்கு அடியில புதைஞ்சுபோகும். அழகிரிசாமி போட்ட கடிதங்களைக் கி.ரா. பத்திரமா வெச்சிருந்தார், பின்னாடி அது புத்தகமாவே வந்தது. நாம போன் மாத்தும்போது நாலு வருஷப் பேச்சும் சேர்ந்து காலியாகுது. ஃபேர்வெல் போட்டோவை டிரைவ்ல ஏத்தற அன்னிக்கே அந்த சாட்டையும் எக்ஸ்போர்ட் பண்ணி வெச்சுக்கோங்க. வாய்ஸ் நோட் தானா வராது, 'மீடியாவோட' என்கிற ஆப்ஷனைத் தொடணும்.