உயிர்ப்பின் மகிழ்ச்சி அரைநாள் மகிழ்ச்சியா?

பெரிய வெள்ளியன்று எமது கோவில்களில் நிற்க இடமிராது. சிலுவைப்பாதை, சிலுவை முத்தி, பாஸ்கு என்று ஊரே கோவிலடியில் கூடிவிடும். ஆனால் உயிர்த்த ஞாயிறன்று காலைப் பூசையும் மத்தியானச் சாப்பாடும் முடிந்ததும் திருநாளும் முடிந்துவிட்டதாகவே பலர் எண்ணுகிறார்கள். நாற்பது நாள் தபசு காத்தவர்களுக்கு அரைநாள் மகிழ்ச்சி!

திருச்சபையின் கணக்கு வேறு. உயிர்த்த ஞாயிறு முதல் பெந்தகோஸ்து வரையான 50 நாட்களையும் அது ஒரே திருநாளாகக் கொண்டாடுகிறது. இது நேற்று வந்த வழக்கமன்று. 325-ம் ஆண்டில் நிக்கேயாவில் கூடிய பொதுச்சங்கம், இந்நாட்களில் முழந்தாளிடாமல் நின்றுகொண்டே செபிக்க வேண்டுமென விதித்தது. எழுந்து நிற்பது உயிர்ப்பின் அடையாளம் அல்லவா?

எம்மவரிடையே இன்னொரு வழக்கமும் உண்டு. மரணம் நடந்த வீட்டில் ஆண்டுத்திவசம் முடியும்வரை திருநாள் இல்லை. பலகாரம் சுடமாட்டார்கள், புது உடுப்பு எடுக்கமாட்டார்கள். சிலர் கடைசி வாங்கில் வந்திருந்து, பூசை முடியுமுன்பே எழுந்து போய்விடுவார்கள். இறந்தவருக்காகத் துக்கம் காப்பது நல்லதே. ஆனால் உயிர்த்த ஞாயிறு துக்கமில்லாதவர்களின் திருநாள் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்குமானால், அது நற்செய்திக்கு ஒவ்வாது.

அருளப்பர் நற்செய்தியின் 20-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அச்சத்தால் கதவடைத்திருந்த சீடர்கள் நடுவே ஆண்டவர் வந்து நிற்கிறார். சமாதானம் கூறியதும் அவர் செய்வது என்ன? தம் கைகளையும் விலாவையும் காட்டுகிறார். சீடர்கள் மகிழ்ந்தார்கள் என்பது அதற்குப் பின்னரே எழுதப்பட்டிருக்கிறது. உயிர்த்த உடலில் ஆணித் துளைகள் மறைந்து போகவில்லை. எட்டு நாளின் பின் தோமையாருக்கும் அதே காயங்களே காட்டப்பட்டன. மகதலா மரியாளோ, கல்லறையடியில் அழுதுகொண்டு நிற்கையிலேயே பெயர் சொல்லி அழைக்கப்பட்டாள்.

இலங்கைத் திருச்சபைக்கு இது ஏட்டுப் படிப்பல்ல. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோவிலிலும் மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும் செபிக்க வந்தவர்கள் குண்டுகளுக்குப் பலியானார்கள். அடுத்த ஞாயிறு, கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தம் இல்லச் சிற்றாலயத்தில் நிறைவேற்றிய பூசையை மக்கள் தொலைக்காட்சியிலேயே கண்டனர். கட்டுவாப்பிட்டியில், இரத்தம் தெறித்த உயிர்த்த ஆண்டவரின் சுரூபத்தை அந்தக் கறையோடேயே காத்து வைத்திருக்கிறார்கள்.

வடக்கில் எமக்கு வேறொரு நினைவு. 2009-ல் உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 12. பெந்தகோஸ்து மே 31. முள்ளிவாய்க்காலின் கடைசி நாட்கள் இவ்விரண்டுக்கும் நடுவிலேதான் கழிந்தன. பெரும்பாலான ஆண்டுகளில் மே 18 பாஸ்காக் காலத்துக்குள்ளேயே வருகிறது. காணாமற்போன மகனின் படத்தை வைத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு ஆண்டுத்திவசம் என்று ஒரு நாளும் இல்லை. அது முடியும்வரை திருநாள் இல்லையென்றால், அவளுக்குத் திருநாள் எப்போது?

ஆகவே பங்குச் சமூகத்துக்கு இந்த 50 நாட்களிலும் வேலை இருக்கிறது. துக்க வீட்டார் வரட்டும் என்று காத்திராமல் நாம் போகவேண்டும். பலகாரத் தட்டோடு மட்டுமல்ல. அந்த வீட்டில் அமர்ந்து அருளப்பரின் அதிகாரத்தை வாசிக்கலாம். இறந்தவரின் பெயரைக் கேட்டு வந்து ஞாயிறு மன்றாட்டில் சேர்க்கலாம். நோயாளர் இருந்தால் நற்கருணை கொண்டுவரும்படி குருவானவருக்கு அறிவிக்கலாம். பக்திச் சபைகள் வீடுகளைப் பகிர்ந்துகொண்டால் பெந்தகோஸ்துக்குள் ஒரு பங்கையே சுற்றி வரலாம்.

பாஸ்காத் திரியையும் ஒருமுறை கிட்ட நின்று பாருங்கள். அதில் பதிக்கப்படும் ஐந்து சாம்பிராணி மணிகள் ஆண்டவரின் ஐந்து காயங்களைக் குறிக்கின்றன. பெந்தகோஸ்துவரை பீடத்தருகே எரியும் அத்திரியையே பின்னர் மரணப் பூசைகளில் பெட்டியருகே ஏற்றுகிறோம். பாஸ்கா இரவில் அதிலிருந்து முதற் சுடரை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கும்படி, அவ்வாண்டில் மரணம் கண்ட வீட்டார் ஒருவரைக் கேட்கலாமே. பெரிய வாரம் தொடங்குமுன் பங்குக் குருவோடு பேசி ஒழுங்கு செய்துவிட்டு, அவர்கள் வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லி அழையுங்கள்.